அகல டயர் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான்கு அங்குல டயர் கொண்ட இரும்பு சைக்கிள் வாங்கியுள்ளேன். பள்ளங்களில் உடம்பெல்லாம் குலுங்குகிறது. ஸ்பிரிங் சீட் போட வேண்டுமா?

பதில்: சீட்டுக்குச் செலவழிக்கும் முன் டயரின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். சாதாரண சைக்கிளுக்கு அடிப்பதுபோல 40 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) ஏற்றினால், இத்தனை அகலமான டயரும் பந்தைப் போலத் துள்ளுமே தவிர அதிர்வை வாங்கிக்கொள்ளாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பே பெரும்பாலும் 30-க்குள்தான் இருக்கும். தார்ச்சாலைக்கு 12 முதல் 18 வரை போதுமானது. உடல் எடையின் பெரும்பங்கைப் பின்சக்கரம் தாங்குவதால் அதற்கு மட்டும் இரண்டு பிஎஸ்ஐ கூடுதலாக வையுங்கள். திருப்பத்தில் ஹேண்டில்பார் கனத்து ஒரு பக்கமாக இழுத்தாலோ, பள்ளத்தின் விளிம்பில் ரிம் இடித்தாலோ காற்று குறைந்துவிட்டது என்று பொருள். இந்தச் சைக்கிளில் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம்கூட உடம்புக்குத் தெரியும் என்பதால், 30 வரை மட்டுமே காட்டும் சிறிய அளவுமானி ஒன்றைக் கையில் வைத்திருப்பது மிகவும் நல்லது.

கேள்வி: அரை மணி நேரம் ஓட்டினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது.

பதில்: பெரும்பாலும் சீட் தாழ்ந்திருப்பதே காரணம். இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும் என்று பலர் சீட்டை இறக்கிவிடுகிறார்கள். சுவரைப் பிடித்தபடி சீட்டில் அமர்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கியிருக்கும். சீட் கம்பியில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தாதீர்கள். கம்பியை உருவியதும் கிரீஸ் தடவிவிடுங்கள். ஒரு மழைக்காலம் அதைச் செய்யாமல் விட்டதால் என் சைக்கிளில் கம்பி துருவேறி இறுகி, இரண்டு நாள் எண்ணெயில் ஊறிய பிறகே அசைந்தது.

கேள்வி: கியர் இல்லாத சைக்கிள். மேம்பாலம் ஏற முடியவில்லை.

பதில்: பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரமான ஃப்ரீவீலை மாற்றுங்கள். முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால், பெடல் ஒரு முழுச்சுற்று சுற்றும்போது பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். 22 பல் ஃப்ரீவீல் போட்டால் அது இரண்டு சுற்றாகும். சமதளத்தில் வேகம் சற்றுக் குறையும், ஆனால் அன்றாடப் பயணத்துக்கு அந்த இழப்பு தகும். செயின் எட்டாவிட்டால் ஒரு ஜோடிக் கண்ணி சேர்த்து, செயினின் நடுப்பகுதி அரை அங்குலம் மேலும் கீழும் ஆடும்படி சக்கரத்தை நகர்த்தி முடுக்குங்கள்.

கேள்வி: டிஸ்க் பிரேக் கிறீச்சிடுகிறது.

பதில்: செயினுக்கு விட்ட எண்ணெய் டிஸ்க்கில் தெறித்திருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பிரேக் கட்டையில் எண்ணெய் ஊறியிருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.