‘ஷூ ஷாப்’ சரி என்றால் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ எப்படிச் சரியாகும்?

கடை நிறையக் காலணிகள் இருந்தும் ‘ஷூ ஷாப்’ என்று ஒருமையில் சொல்லும் ஆங்கிலம், ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பதில் மட்டும் பன்மையை ஏன் வைத்துக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு பெயர்ச்சொல் மற்றொன்றுக்கு அடையாக முன்னால் நிற்கும்போது, அது எண்ணிக்கையை உணர்த்தாமல் வகையை மட்டுமே உணர்த்துவதால், பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கிறது. தமிழிலும் ‘புத்தகக் கடை’ என்கிறோமே தவிர ‘புத்தகங்கள் கடை’ என்பதில்லை. முன்னால் எண் வந்தாலும் ‘ஃபைவ் இயர் பிளான்’தான், எப்போதும் பன்மையில் வழங்கும் ‘டிரவுசர்ஸ்’ கூட ‘டிரவுசர் பாக்கெட்’ என்று சுருங்கிவிடுகிறது.

பன்மை வடிவம் தனிப்பொருள் பெற்றுவிட்ட இடங்களில்தான் பெரும்பாலும் இவ்விதி தளர்கிறது. ‘கஸ்டம்’ என்றால் வழக்கம், ‘கஸ்டம்ஸ்’ என்றால் சுங்கம். ஆகவே சுங்க அதிகாரி ‘கஸ்டம்ஸ் ஆபீசர்’ ஆகிறார். ஆயுதப் போட்டியைக் குறிக்கும் ‘ஆர்ம்ஸ் ரேஸ்’ என்பதில் ஈற்று ‘ஸ்’ போனால் அது கைகளின் பந்தயமாகிவிடும். ‘சேவிங்ஸ் அக்கவுண்ட்’, ‘கூட்ஸ் டிரெயின்’ ஆகியவையும் இவ்வகையே. ‘ஸ்போர்ட்ஸ் கார்’ வழக்கில் உறைந்துபோன வடிவம் என்பதால் அதை அப்படியே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ‘உமன் டாக்டர்’ என்பதன் பன்மையில் இரு சொற்களுமே மாறி ‘விமன் டாக்டர்ஸ்’ என்றாகும்; ஆனால் ‘ஷூ ஷாப்’பின் பன்மை ‘ஷூ ஷாப்ஸ்’ மட்டுமே.