ஏழு பழுப்பு மாத்திரைக்கும் சேர்த்தா காசு?

கேள்வி: வயது 24, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மாதாமாதம் முதல் நாள் எழுந்து நிற்க முடியாத வயிற்றுவலி. டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டையில் 28 மாத்திரை, அதில் ஏழு மட்டும் பழுப்பு. கடையில் கேட்டால் "அது வெறும் இரும்புச்சத்து, தூக்கிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். அப்படியானால் கால்வாசிக் காசு வீண்தானே? ரத்தப்போக்கும் அந்த ஏழு நாளில்தான் வருகிறது, ஆனால் வலி முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. இது நிஜமான பீரியட்ஸ்தானா? (திருப்பூர் வாசகி)

பதில்: கடைக்காரர் சொன்னது பாதி சரி. மாலா-டி என்ற கருத்தடை மாத்திரை அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 21 வெள்ளை மாத்திரையில் லீவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.03 மில்லிகிராமும் என இரண்டு ஹார்மோன் இருக்கும். பழுப்பு ஏழில் ஹார்மோன் கிடையாது, இரும்புச்சத்து மட்டும்தான். அதைப் போடாவிட்டால் கருத்தடைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் அது அங்கே இருப்பது பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத்தான். சில பிராண்டில் 21 மட்டும் வரும், ஏழு நாள் சும்மா இருந்துவிட்டு நாமே தேதி எண்ணி அடுத்த அட்டையைப் பிரிக்க வேண்டும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இடைவெளி ஏழு நாளைத் தாண்டினால் சினைப்பை மறுபடி விழித்துக்கொள்ளும், கருமுட்டை வெளியாகலாம். அதனால் அந்த ஏழு மாத்திரையை ஒரு காலண்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விலையும் பெரிதாக இல்லை. இதே ஹார்மோன், இதே அளவில் மாலா-என் என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.

அடுத்தது, நிஜமா என்ற கேள்வி. சாதாரண மாதத்தில் நடப்பது இது: கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரந்து, தடித்திருக்கும் கருப்பையின் உள்சுவரைக் கரு தங்கத் தயாராக்கும். கரு தங்கவில்லை என்றால் அந்த ஹார்மோன் சரசரவென்று இறங்கிவிடும், உள்சுவர் உதிரத் தொடங்கும்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ஏராளமாக உண்டாகும். கருப்பைத் தசையைப் பிழியச் சொல்வது அதுதான். பிழியும்போது ரத்தக் குழாய்களும் இறுகி, தசைக்கே ரத்தம் போதாமல் வலி எடுக்கிறது. அந்தப் பொருளில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து குடலையும் சேர்த்து முறுக்குவதால்தான் முதல் நாள் மட்டும் இரண்டு மூன்று தடவை வயிறு போவதும், குமட்டலும், தலைவலியும். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாக்கள் அன்று மோர்சாதம் கொடுப்பார்கள், பாவம், சாப்பாட்டின் மேல் தப்பே இல்லை.

மாத்திரை போடும்போது கருமுட்டை வெளியாவது நிற்கிறது, உள்சுவரும் மெல்லிசாகவே இருக்கிறது. உதிர்வதற்கே அதிகம் இல்லாதபோது புரோஸ்டாகிளாண்டினும் குறைவு, வலியும் குறைவு. பழுப்பு மாத்திரை நாட்களில் வருவது, வெள்ளை மாத்திரையை நிறுத்தியதால் ஹார்மோன் இறங்கி வரும் ரத்தப்போக்கு. மாதவிடாய் மாதிரி இருக்கும், ஆனால் முட்டை வெளியாகி முடிந்த சுழற்சியின் மாதவிடாய் அல்ல. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் முதல் மாத்திரையை உருவாக்கியபோதே, இயற்கையான சுழற்சி மாதிரி தெரியட்டும் என்றுதான் மாதாமாதம் ஓர் இடைவெளி வைத்தார்கள். அந்த ஏழு நாள் இடைவெளியால் உடம்புக்குத் தனி நன்மை எதுவும் இல்லை என்று பிரிட்டனின் பாலியல் ஆரோக்கிய மருத்துவ அமைப்பு 2019இல் வழிகாட்டியிலேயே எழுதிவிட்டது. அமெரிக்காவில் 84 நாள் தொடர்ந்து போட்டு, வருஷத்தில் நான்கே தடவை ரத்தப்போக்கு வரும் அட்டைக்கு 2003லேயே அனுமதி கொடுத்தாயிற்று. உங்களுக்கு அந்த ஏழு நாள் வலியும் வேண்டாம் என்றால், வெள்ளையை முடித்ததும் அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடரலாமா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். "ரத்தம் உள்ளே தேங்கிவிடும்" என்று யாராவது பயமுறுத்துவார்கள். தேங்குவதற்கு உள்ளே எதுவும் சேருவதே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பு. உங்களுக்கு எழுதிக் கொடுத்ததைத் தங்கைக்குப் பகிராதீர்கள். ரத்தக் குழாய்க்குள் ரத்தக்கட்டு வந்தவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் மின்னல் கோடு தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள் இந்த வகை மாத்திரையே போடக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு இதன் கருத்தடை வேலையே சரியாக நடக்காது.

கேள்வி: வலிக்கு நான் வாங்குவது மெஃப்டால் ஸ்பாஸ், ஹாஸ்டல் தோழி வாங்குவது சைக்ளோபாம். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், துடித்து முடித்து மதியத்துக்கு மேல்தான் கேட்கிறது. எது நல்ல கம்பெனி?

பதில்: கம்பெனியை விடுங்கள், அட்டையைத் திருப்பி பொடி எழுத்தைப் படியுங்கள். முதலாவதில் மெஃபனாமிக் ஆசிட் 250, டைசைக்ளோமின் 10 மில்லிகிராம். இரண்டாவதில் டைசைக்ளோமின் 20, பாராசிட்டமால் 500. புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுப்பதில் மெஃபனாமிக்தான் கெட்டி, ஐபுபுரோஃபெனும் அதே ஜாதி. பாராசிட்டமால் இந்த வலிக்குக் கொஞ்சம் சோப்ளாங்கி. டைசைக்ளோமின் தசையைத் தளர்த்தும், கூடவே வாய் உலர்ந்து, கண் மங்கி, தூக்கமும் வரும்.

உங்களுக்கு மதியம்தான் கேட்கிறது என்றால் தப்பு நேரத்தில் இருக்கலாம். இந்த மருந்து புதிதாக உண்டாவதை நிறுத்துமே தவிர, ஏற்கெனவே உண்டானதை அழிக்காது. "தாங்கிப் பார்ப்போம்" என்று பதினோரு மணி வரை சுருண்டு கிடந்துவிட்டுப் போட்டால், அதற்குள் ஊறியது ஊறிவிட்டது. ரத்தம் பட்ட உடனே, தேதி கரெக்டாக வருபவர் என்றால் வலி தொடங்கும் முன்பே, எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். நான் மருந்துக்கடை கவுன்டரில் பதினோரு வருஷம் நின்றவள். ஒற்றை மாத்திரையை அட்டையிலிருந்து கத்தரித்து வாங்கிக்கொண்டு அங்கேயே வெறும் வயிற்றில் விழுங்கும் பெண்களை தினம் பார்த்திருக்கிறேன். அப்படிக் கத்தரிக்கும்போது காலாவதித் தேதி அச்சிட்ட மூலை பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும், முழு அட்டையாகவே வாங்குங்கள். அதே மருந்து மக்கள் மருந்தகத்திலும், 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் இருக்கிறதா என்று மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பிராண்ட் பெயரைச் சொல்லி அல்ல.

வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிழுப்பு வந்த அனுபவம் இருந்தால் இந்த ஜாதியே வேண்டாம். டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலிலும் கூடாது. அப்புறம், 2023 நவம்பர் 30 அன்று இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனாமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது: அபூர்வமாக, போட்ட இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டுதல், உள்ளுறுப்புப் பாதிப்பு என்று கடுமையான ஒவ்வாமை வரலாம். பயந்து அட்டையைக் குப்பையில் போட வேண்டாம், அறிகுறி தெரிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

சரியான நேரத்தில் போட்டும் மூன்று நான்கு மாதம் கேட்கவில்லை, வருஷத்துக்கு வருஷம் வலி கூடுகிறது, மற்ற நாட்களிலும் வலிக்கிறது, மலம் கழிக்கும்போது உயிர் போகிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) மாதிரி வேறு காரணம் இருக்கலாம். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் அது இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: மாதவிடாய்க் கோளாறு எல்லாவற்றையும் 90 நாளில் சரிசெய்யும் என்று செல்போன் விளம்பரம் பார்த்து ₹1,499க்கு மூலிகை கேப்சூல் வாங்கினேன். ஒரு மாற்றமும் இல்லை, திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தில், எந்தெந்தக் குறைக்கு மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியலே இருக்கிறது, பெண்களின் மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வது அதில் நேரடியாகவே வருகிறது. மூலிகை என்று லேபிளில் போட்டாலும் தப்பிக்க முடியாது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், லேபிளின் நான்கு பக்கத்தையும் படமெடுங்கள், பில்லையும் சேர்த்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். வீட்டில் ரப்பர் வெந்நீர்ப் பை இருக்கிறதா? வயிற்றில் சூடு வைப்பது இந்த வலிக்கு உண்மையிலேயே கேட்கும். துணி சுற்றி வையுங்கள், கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள்.

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காப்பர்-டி போட்டு மூன்று மாதம். ரத்தப்போக்கும் வலியும் கூடிவிட்டது. மட்டமான பீஸைப் போட்டுவிட்டார்களா?

பதில்: பீஸ் மேல் பழி போட வேண்டாம். காப்பர்-டி என்பது கருப்பைக்குள் வைக்கும் செம்புக் கருத்தடைச் சாதனம், அதில் ஹார்மோன் இல்லை, அதனால் உள்சுவர் மெலிவதில்லை, செம்பு அங்கே லேசான அழற்சியை உண்டாக்குவதால் புரோஸ்டாகிளாண்டின் கூடத்தான் செய்யும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் இப்படி இருந்துவிட்டுப் பலருக்கு அடங்கும். காய்ச்சல், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், நூல் கையில் படாமல் போவது, நாள் தள்ளிப்போவது, இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் காட்டுங்கள். போட்ட அன்று கொடுத்த அட்டையையும் தேடி எடுங்கள், 380ஏ என்றிருந்தால் பத்து வருஷம் வேலை செய்யும், 375 என்றிருந்தால் ஐந்து வருஷம்தான்.