உங்கள் முதல் கார் எது? பெட்ரோல் காரில் இருந்து எலக்ட்ரிக் காருக்கு மாறலாமா?

கேட்டவர் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். என் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது, அதாவது கார் நிற்கும் இடத்தில். ராத்திரி உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று முதலில் சொல்லுங்கள், பேட்டரி, மைலேஜ், விலை எல்லாம் அப்புறம் பேசலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், எங்கள் முதல் கார் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு நாள்கூட நின்றதில்லை.

2001-இல் அப்பா செகண்ட் ஹேண்டில் எடுத்த மாருதி 800 அது. 1995 மாடல், வெள்ளை, டிஎன் 74 நம்பர். 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர், கார்புரேட்டர் வண்டி. எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம். ரோட்டில் இருந்து ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு இடவழி இறங்கும், இரண்டு பக்கமும் கல்கட்டு, பைக் வந்தால் எதிரே வருகிற ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதில் கார் எங்கே போக? ரோட்டோரத்து மாமி வீட்டு முற்றத்தில், பலா மரத்தடியில்தான் 11 வருஷமும் அது நின்றது. மாமி எங்களுக்குச் சொந்தம் இல்லை, சின்ன வயதில் இருந்து மாமி என்று கூப்பிட்டுப் பழக்கம், அவ்வளவுதான். வாடகை என்று ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணம், ஆஸ்பத்திரி, மார்த்தாண்டம் சந்தை எல்லாவற்றுக்கும் எங்கள் வண்டிதான் போகும். பலாச் சக்கை பழுக்கும் காலத்தில் தினமும் சாயங்காலம் மரத்தை அண்ணாந்து பார்த்து, காயின் நேர் கீழே வண்டி இல்லாமல் நகர்த்தி விடுவது என் பொறுப்பு. நான் கார் ஓட்டப் படித்ததே அந்தப் பத்தடி முற்றத்தில் முன்னும் பின்னும் எடுத்துத்தான்.

அப்பாவுக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். பின்சீட்டை மடக்கிவிட்டு ஷீட் அடுக்குவார். சரியாகக் காயாத ஷீட்டுக்கு ஒரு புளித்த வாடை உண்டு, எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சீட்டில் ஏறிய அந்த வாடை கடைசி வரை போகவே இல்லை. இன்றைக்கும் ஏதாவது ஷீட் கடை முன்னால் போகும்போது எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வரும்.

மழைக்காலத்தில் அது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வண்டி, அதுவும் வயசான வண்டி எதுவானாலும் அப்படித்தான், ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினால் ஸ்பார்க் சரியாக வராது. 2003 ஆனி மாசம், விடாமல் மழை, ராத்திரி ஒரு மணிக்கு மேல் மாமிக்கு மூச்சுத் திணறல். அப்பா சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினார், செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. நான் டார்ச் அடிக்க, அவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வேட்டி முனையால் உள்ளே துடைத்தார், மூன்று பிளக்கையும் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாமி வீட்டு அடுப்பில் சூடு காட்டி மாட்டினார். அப்போதும் எடுக்கவில்லை. "தள்ளு மக்கா" என்றார். ரோடு அங்கே இறக்கம். நானும் மாமியின் மகனும் தள்ள, அப்பா இரண்டாம் கியரில் கிளட்சை விட, ஒரு குலுக்கல் குலுக்கி வண்டி பிடித்தது. மாமி அதற்குப் பிறகும் எட்டு வருஷம் இருந்தார்கள். அதனால் அந்த 800-ஐப் பற்றி என்னிடம் யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. 650 கிலோ அளவு எடை இருந்ததால்தான் இரண்டு பேர் தள்ளி அது நகர்ந்தது.

2012-இல் அதைக் கொடுத்துவிட்டு இன்னொரு பெட்ரோல் கார் எடுத்தோம். 2015-இல் இடவழியின் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஆளுக்கு இரண்டடி விட்டுக்கொடுத்தார்கள், ரோடு வீட்டு வாசல் வரை வந்தது. போர்டிகோ கட்டினோம். 2023-இல் நான் எலக்ட்ரிக் கார் எடுக்க முடிந்தது அந்த இரண்டடியால்தான். மாமி வீட்டு முற்றத்திலேயே வண்டி நின்றிருந்தால் தினமும் அவர்கள் மீட்டரில் பத்து யூனிட் ஏற்ற எனக்கு மனசு வந்திருக்காது.

இப்போது ஓட்டுவது 24 கிலோவாட்-ஹவர், அதாவது 24 யூனிட் கரண்ட் பிடிக்கும் பேட்டரி உள்ள சின்ன கார். வேலை நாகர்கோவிலில். தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று போய்வர ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர். இந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒரே வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் போக முடியாது. வளைவு, ஹம்ப், பஸ் ஸ்டாப், எதிரே கனிமம் ஏற்றி வரும் டாரஸ் லாரி. பெட்ரோல் வண்டிக்கு இது மோசமான ரோடு, நின்று நின்று போனால் எண்ணெயைக் குடிக்கும், இடது காலுக்கு கிளட்ச் மிதித்தே வலி வரும். எலக்ட்ரிக்குக்கு இதே ரோடு நல்ல ரோடு. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி வேலை செய்து வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். சிக்னலில் நிற்கும்போது ஏசி தவிர பெரிதாக எதுவும் செலவாகாது.

ஒரு கணக்கு என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட் கரண்டுக்குச் சமம். அப்படியென்றால் என் பேட்டரி முழுதாக நிறைந்தாலும் அதில் இருப்பது மூன்று லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு. பழைய 800-இன் டேங்கே 28 லிட்டர் பிடிக்கும். ஆனால் அந்த மூன்று லிட்டருக்கும் குறைவான ஆற்றலில் இந்தக் கார் 170 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் எஞ்சினில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகவே வெளியே போய்விடுகிறது, சக்கரத்துக்கு வருவது மிச்சம்தான். மோட்டாரில் எண்பது சதவீதத்துக்கு மேல் சக்கரத்துக்கு வந்துவிடும். விலை வித்தியாசத்தை விட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

செலவைச் சொல்கிறேன். மாதம் 1,500 கிலோமீட்டர். முந்தைய காரில் லிட்டருக்கு 17 கிடைத்தது, மாதம் 9,000 ரூபாய்க்குப் பெட்ரோல். இப்போது சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து மாதம் 240 யூனிட் ஆகிறது. ஆனால் இதை 240 யூனிட் என்று மட்டும் பார்க்காதீர்கள். நம் மின்வாரிய பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, 260 யூனிட் ஓடிய வீடு 740-க்குப் போகும், 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறி முன்பு ஓடிய யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கொடுப்போம். எங்களுக்கு இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 4,000 ரூபாய் கூடியது. அப்படியும் 18,000 எங்கே, 4,000 எங்கே. மாதம் 300, 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் இந்த லாபத்தை நம்பி நல்ல பெட்ரோல் காரை விற்க வேண்டாம், போட்ட கூடுதல் பணம் திரும்ப வர வருஷக்கணக்காகும்.

வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்கள். நான் பார்க்கவில்லை. முதல் நாள் ராத்திரி 15 ஆம்ப் பிளக்கில் சொருகினேன், சார்ஜரில் சிவப்பு விளக்கு. பழைய வீடு, எர்த் கம்பி எப்போதோ அற்றுப் போயிருந்தது. மறுநாள் போர்டிகோ பக்கத்தில் செம்மண்ணைத் தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினார்கள். அதன் பிறகு ஒரு நாள்கூடப் பிரச்சனை இல்லை. ராத்திரி பத்து மணிக்குச் சொருகினால் காலையில் நிறைந்திருக்கும்.

பயம் ஒன்று இருக்கிறது, மறைக்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் விழுந்தது மட்டும் இல்லை, போஸ்ட் மொத்தமும் சாய்ந்து 9 நாள் கரண்ட் இல்லை. அன்றைக்கு வீட்டில் இருந்தது பெட்ரோல் கார். அரை டேங்க் இருந்தது, அம்மாவின் இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்து நாகர்கோவிலில் சொந்தக்காரர் வீட்டு பிரிட்ஜுக்குக் கொண்டு போனோம். அதே மாதிரி ஒன்று இனி வந்தால் இந்தக் கார் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. அதனால் வானிலை எச்சரிக்கை என்று கேட்டால் உடனே நூறு வரை ஏற்றி வைத்துவிடுவேன், வீட்டில் ஒரு பெட்ரோல் ஸ்கூட்டரும் நிற்கிறது.

இன்னொன்று காற்று. திருநெல்வேலி எங்கள் வீட்டில் இருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கில் இருந்து காற்று அடிக்கும், அதை நம்பித்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலையும் நிற்கிறது. போகும்போது காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும், 55 சதவீதம் சார்ஜ் போனது. வரும்போது அதே தூரத்துக்கு, அதே வேகத்துக்கு, 68. போகும்போது ஆன செலவை வைத்து வரும் கணக்கைப் போட்டிருந்தால் வழியில் நின்றிருப்பேன். திருநெல்வேலியில் சாப்பிடும் நேரத்தில் 90 வரை ஏற்றிவிட்டுக் கிளம்பியது நல்லதாகப் போயிற்று.

அப்பாவுக்கு இப்போது 74. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் இன்றைக்கும் "ஸ்டார்ட் ஆச்சா மக்கா?" என்று கேட்பார். ஆச்சுப்பா என்று சொல்லி வண்டியை நகர்த்தின பிறகுதான் சாய்ந்து உட்காருவார். மழை பெய்தால் இரண்டு தடவை கேட்பார்.

போன மாதம் முட்டத்தில் இருந்து சித்தப்பா மகன் இதே கேள்வியைக் கேட்டான். அவனும் தினமும் 50 கிலோமீட்டர் ஓடுகிறவன், கணக்குப்படி எலக்ட்ரிக்தான் சரி. நேரில் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே பத்து வீடு, வண்டியைக் கோயில் மைதானத்து ஓரத்தில் மற்ற வண்டிகளோடு நிறுத்துகிறான். பக்கத்தில் உள்ள சார்ஜிங் ஸ்டேஷனுக்கும் போனோம், வண்டியில் சொருகுகிற சார்ஜிங் கன் இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை, இன்னொன்றில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். பெட்ரோலே எடு என்று சொல்லிவிட்டு வந்தேன். எடுத்துவிட்டான்.