இடப்பக்கம் தரையோடு வரும் பந்து மட்டும் நழுவினால்

கால்பந்தில் கோல்கீப்பராக நிற்பவர் இதற்காகக் கையுறையை மாற்றிப் பயனில்லை. வலப்பக்கம் சரியாகப் பிடித்து, இடப்பக்கம் தரையோடு வரும் பந்து மட்டும் உடம்புக்கு அடியில் போகிறதென்றால், கோளாறு பெரும்பாலும் இடது காலின் முதல் அடியில்தான்.

அந்த அடி பந்தை நோக்கிச் சாய்வாக முன்னே விழ வேண்டும். நேர் பக்கவாட்டிலோ பின்னாலோ விழுந்தால் இடுப்பு தாழாமல் உயரத்திலேயே நின்றுவிடும். உடம்பு மேலிருந்து கீழே விழும், கை கடைசியில் வரும். பந்து அதற்குள் கடந்திருக்கும். ஷாட்டுக்கு முன் போடும் துள்ளலையும் கவனியுங்கள். உதைபடும் நொடியில் பாதம் காற்றில் இருந்தால் தள்ளுவதற்குத் தரை இல்லை. (நிறைய பேர் இதை 'ரிஃப்ளெக்ஸ் குறைவு' என்று தப்பாகச் சொல்வார்கள்.)

சோதித்துப் பார்க்க:

1. மண்டியிட்டு, இடப்பக்கம் 10 பந்துகள் உருட்டச் சொல்லுங்கள். இடது கை பந்தின் பின்னால், வலது கை மேலே.
2. அதில் நழுவினால் கைதான் பிரச்சினை. நழுவாவிட்டால் கால்தான், குந்திய நிலை, பிறகு நின்ற நிலை என்று ஏறுங்கள்.
3. கோலுக்குப் பின்னால் போனை வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்து, உதைபடும் கணத்தில் நிறுத்தி இரு பாதங்களையும் பாருங்கள்.

விழும்போது கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள் என்ற வரிசை, முழங்கையை ஊன்றாதீர்கள்.

இடது தோளிலோ இடுப்பிலோ பழைய அடி இருந்தால் உடம்பு தானாகவே அந்தப் பக்கத்தைத் தவிர்க்கும். அப்படியானால் பயிற்சிக்கு முன் பிசியோவிடம் காட்டுங்கள். 5, 6 மீட்டரிலிருந்து அடிக்கும் பந்துக்கு இதெல்லாம் பொருந்தாது, அங்கே காலை நீட்டித் தடுப்பதே வேகம்.