கச்சான் வேரில் முடிச்சு: பிடுங்கி எறிவதா?

களுதாவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கால் ஏக்கரில் கச்சான் போட்டு 5 வாரம் ஆகிறதாம். களை பிடுங்கும்போது கையோடு வந்த செடியின் வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள். பக்கத்துப் பாத்திக் கத்தரியின் வேரும் வீங்கியிருக்கிறது. கடையில் காட்டியதற்கு, "இரண்டும் வட்டப்புழுதான், குறுணை மருந்து போடுங்கள்" என்றார்களாம். (வட்டப்புழு என்பது வேருக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு.) மருந்து போடுவதா, செடிகளைப் பிடுங்கி எறிவதா என்பது கேள்வி.

தம்பி, கச்சானில் கை வைக்காதீர்கள். கத்தரியின் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு கச்சான் செடியை இழுத்துப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுங்கள். இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிவிட்டு, முடிச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பக்கவேர் கிளைக்கும் கவட்டில், வேரின் ஓரத்தில் ஒட்டவைத்த மணி போல இருக்கிறதா? நகத்தால் தட்டினால் வேர் சேதமாகாமல் கழன்று வருகிறதா? அதை இரண்டாக நசுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் உங்கள் தோட்டத்தில் பசளைத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டப்புழு முடிச்சு அப்படிக் கழலாது. அது வேரே ஊதிப்போன வீக்கம், அதை எடுக்க வேரைத்தான் உடைக்க வேண்டும்.

அந்த மணிக்குள் இருப்பது றைசோபியம் வகைப் பற்றீரியா. காற்றில் 78 சதவீதம் நைதரசன் இருந்தும் எந்தச் செடியாலும் அதை நேரே எடுக்க முடியாது. இந்தப் பற்றீரியாவால் முடியும். கச்சான் போன்ற அவரை இனச் செடிகள் வேர் முடிச்சுப் பற்றீரியாவின் துணையோடு காற்றின் நைதரசனைப் பெறுகின்றன என்று 1888இல் ஜேர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் என்ற இருவர் நிரூபித்தனர். செடி இலையில் சமைத்த சீனியைக் கீழே அனுப்புகிறது. பற்றீரியா அமோனியாவைத் திருப்பிக் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒன்றியவாழ்வு என்று படித்தது இதைத்தான்.

அந்தச் சிவப்பு நிறத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்காது. நைதரசனைப் பிடிக்கும் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பற்றீரியா சுவாசிக்க ஒட்சிசன் வேண்டும். இதற்காகச் செடி, நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு ஈமோகுளோபினை முடிச்சுக்குள் உண்டாக்கி, ஒட்சிசனை அளந்து அளந்து கொடுக்கிறது. அந்த அளவு செடியின் கையில்தான் இருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் சோயா முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைதரசனுக்குப் பதில் ஆர்கனை நிரப்பிப் பார்த்தார்கள். பற்றீரியாவால் நைதரசன் தர முடியவில்லை. உடனே செடி அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஒட்சிசனைக் குறைத்துவிட்டது. உழைக்காத கூட்டாளிக்குச் செடி படியளப்பதில்லை.

இதனால்தான் யூரியா விஷயத்தில் கவனம் வேண்டும். மண்ணில் நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுக் கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். அடிப்பசளையாக விவசாயப் போதனாசிரியர் சொல்லும் சிறு அளவு சரி, முடிச்சு உருவாகும்வரை அது கைகொடுக்கும். அதற்குமேல் போடுவது காசையும் கொட்டி, கூட்டாளியையும் கெடுப்பது. 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்தபோது ஒரு பை யூரியாவுக்கு எவ்வளவு அலைந்தோம்! அப்போதும் கச்சான் வேரில் இந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்று தண்ணீர். மாரி மழையில் பாத்தியில் தண்ணீர் நின்றால் முடிச்சுக்குக் காற்றுப் போகாது, வேலை நின்றுவிடும். மணல் நிலம்தானே என்று விடாமல் பள்ளமான இடத்தில் வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

கச்சான் போட்டால் நிலம் தானாக வளமாகிவிடும் என்று சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. கச்சான் பருப்பில் ஏறக்குறைய கால்வாசி புரதம். செடி சேர்த்த நைதரசனில் பெரும்பங்கு அதில் ஏறி விற்பனைக்குப் போய்விடுகிறது. மண்ணுக்கு மிஞ்சுவது இலையும் தண்டும் வேரும்தான். காய் பறித்தபின் செடியை எரிக்காமல் அதே பாத்தியில் புதையுங்கள். மாட்டுக்குப் போடுவதென்றால் சாணத்தையாவது திருப்பிக் கொண்டுவந்து போடுங்கள்.

இனிக் கத்தரி. அதற்கு இந்தப் பற்றீரியாவோடு உறவே கிடையாது. ஆகவே வேரில் அப்படி வீக்கம் என்றால் பெரும்பாலும் வட்டப்புழுதான், கடையில் சொன்னது அங்கே சரி. கடுமையாகத் தாக்கிய செடிகளை வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள். அந்தப் பாத்தியில் அடுத்த போகம் தக்காளி, மிளகாய், வெண்டி வேண்டாம். கௌபிக்கும் இந்தப் புழு வரும். கத்தரியை அதிகம் தாக்கும் வட்டப்புழு இனத்துக்குக் கச்சான் ஒத்துவராது. அதனால் அந்த இடத்தில் அடுத்த முறை கச்சானையே போட்டுப் பார்க்கலாம். கத்தரிப் பாத்தியில் வேலை செய்த மண்வெட்டியைக் கழுவாமல் வேறு பாத்திக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கச்சான் நன்றாகப் பூத்திருக்கும்போது இன்னொரு செடியைத் தோண்டி முடிச்சை நசுக்கிப் பாருங்கள். பெரும்பாலானவை அப்போதே பச்சையாகவோ கபிலமாகவோ மாறியிருந்தால் தண்ணீர் தேங்குகிறதா என்று தேடுங்கள். காய் முற்றும் நாட்களில் அந்த நிறம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, முடிச்சுக்கு வயது போய்விட்டது.