வரத்துக்கால் முதல் மொட்டைமாடி வரை: தண்ணீர் கேள்விகளுக்குப் பதில்கள்

பாசனப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். நாற்காலியில் உட்கார்ந்ததைவிட ஏரிக்கரையில் நடந்ததுதான் அதிகம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். அரசியல் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

பரமக்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவி: ஐயா, "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று எங்கள் மாவட்டத்தைச் சொல்கிறார்கள். இங்கே உண்மையிலேயே மழை பெய்வதில்லையா?

பெய்கிறதம்மா. லண்டனில் ஒரு வருடத்துக்குச் சுமார் 600 மி.மீ. மழை. ராமநாதபுரத்தில் சராசரியாக 800 மி.மீ.க்கு மேல். ஆனால் அங்கே அது வருடம் முழுக்கத் தூறுகிறது, இங்கே பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மீதி மாதங்களில் வெயில் குடிக்கிறது. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வருடத்துக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாகப் போய்விடும் ஊர் உங்களுடையது. அதாவது, ஆள் உயரத் தண்ணீரை ஒருவர் தொடாமலே வானம் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

அதனால்தான் அந்த மண்ணில் ஊர் என்றாலே கண்மாய். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்வார்கள்: நாரைகூடப் பறந்து கடக்க முடியாத அகலமாம். வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். ஊருணியில் கால் வைக்க மாட்டார்கள், மாடு இறங்காது, துணி அலசினால் சண்டை வரும்.

1988-இல் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். ஊருணித் தண்ணீர், செம்மண் கலங்கல், டீ நிறத்தில் இருந்தது. அந்த அம்மா பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நாலு இழை இழைத்துவிட்டு, "பொறுங்க தம்பி, தெளியட்டும்" என்றார். அரைமணி கழித்து மேல்தண்ணீரை மொண்டு கொடுத்தார். மண் வாசனையோடு இனிப்பாக இருந்தது. அந்த ஊரில் எங்கே கிணறு தோண்டினாலும் உப்பு. அந்த ஒரு ஊருணி இல்லையென்றால் அங்கே ஊரே இருந்திருக்காது.

சென்னை, ஐ.டி. ஊழியர்: பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் மனை பார்க்கிறோம். தண்ணீர் விஷயத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் இரண்டு எதிர்க் கேள்விகள். கோடையில் தண்ணீர் வருமா? கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள் வருமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இன்று மிச்சம். 2022-இல் அதற்கு ராம்சார் அங்கீகாரம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற பட்டம், கிடைத்தது, நல்லது. காணாமல் போன ஒன்பது பங்கின் மேல்தான் மக்கள் கார் நிறுத்துகிறார்கள்.

நேரில் போகுமுன் அரசின் நில ஆவணத் தளத்தில் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். பக்கத்து சர்வே எண்களில் ஏரி, குட்டை, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால், உங்கள் மனைக்குப் பட்டா சுத்தமாக இருந்தாலும் தண்ணீருக்கு அந்தப் பட்டா தெரியாது. ஊர்ப் பெயரையும் காது கொடுத்துக் கேளுங்கள். தாங்கல், ஏந்தல், ஏரி என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தி.நகர் 1920-களில் மாம்பலம் ஏரிக்குள் எழுந்த ஊர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது, லேக் மட்டும் இல்லை.

கடைசியாக, அந்தத் தெருவில் 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.

அம்பத்தூர் இல்லத்தரசி: மழைநீர் சேகரிப்புத் தொட்டி வைத்திருக்கிறோம். உண்மையில் எவ்வளவு சேரும்? சட்டத்துக்காக வைத்த மாதிரிதான் இருக்கிறது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மாடி 1,000 சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். சென்னைக்கு வருடம் 1,400 மி.மீ. என்று வையுங்கள், 1,30,000 லிட்டர். சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டர் நிச்சயம், அதாவது 12,000 லிட்டர் லாரி எட்டு. நாலு பேர் குடும்பத்துக்கு ஆறு மாதத் தண்ணீர்.

ஆனால் அது சில வாரங்களில் வந்துவிடும், அவ்வளவு பெரிய சம்ப் யாரிடமும் இல்லை. எனவே சம்ப் நிறைந்த பிறகு மிச்சத்தை மண்ணுக்குள் அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2003-இல் இதைக் கட்டாயமாக்கினார்கள், அப்போது கிணறுகளில் மட்டம் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். அன்று போட்ட ஜல்லியும் மணலும் பல வீடுகளில் இன்றும் அப்படியே கிடக்கின்றன, சேறு பூசி இறுகிப் போயிருக்கும். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அள்ளிக் கழுவிப் போடுங்கள். பழைய கிணறு இருந்தால் வடிகட்டி அதிலேயே விடுங்கள், அதைவிட நல்ல தொட்டி கிடையாது. தயவுசெய்து கிணற்றை மூடி மேலே கார் ஷெட் போடாதீர்கள்.

திருவான்மியூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் திடீரென உப்பாகிவிட்டது. பக்கத்து அடுக்குமாடி போர் போட்டதுதான் காரணமா?

அந்த ஒரு போர் மட்டும் இல்லை சார், எல்லாருடைய போரும்தான். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் கனம் குறைவு, கடல்நீர் கனம் அதிகம். அதனால் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதில் பயப்பட வேண்டியது திருப்பிப் போட்ட கணக்கு: மேலே ஓரடியை உறிஞ்சிவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும்.

இன்னும் ஆழமாகப் போட்டால் உப்பைத்தான் தேடிப் போகிறீர்கள். ஆழம் குறைந்த கிணறு, சின்ன மோட்டார், விட்டுவிட்டு இறைப்பது, தெரு முழுக்க மழைநீரை உள்ளே விடுவது: இவ்வளவுதான் வழி. ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை. சங்கக் கூட்டத்தில் பேசுங்கள், பெயிண்ட் கலருக்கு மூன்று மணி நேரம் சண்டை போடுகிறோமே.

மாணவர்: டி.எம்.சி. டி.எம்.சி. என்கிறார்களே, அது எவ்வளவு?

நூறு கோடி கன அடி, அதாவது 2,832 கோடி லிட்டர். சென்னைக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்தால் 28 நாள் ஓடும். ஒரு மாதத்துக்கு ஒரு டி.எம்.சி. என்று ஞாபகம் வைத்துக்கொள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்தால் கொள்ளளவு 11 டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டும். 2019 ஜூனில் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். 100 கோடியில் அது எத்தனை சதவீதம் என்று நீயே வகுத்துப் பார்.

திருவண்ணாமலை மாவட்ட இளைஞர் மன்றம்: அண்ணா, பணம் வசூல் செய்து எங்கள் ஏரியைத் தூர்வாரப் போகிறோம். பொக்லைன் எத்தனை நாள் வேண்டும்?

தம்பிகளா, பொக்லைனைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

நான் வேலையில் இருந்தபோது ஓர் ஊரில் ஏரியின் நடுவே பத்தடிக்கு வெட்டினார்கள். பார்க்கக் குளம் மாதிரி அழகாக இருந்தது, திறப்பு விழாவும் நடந்தது. அடுத்த மழைக்கு ஏரிக்குத் தண்ணீரே வரவில்லை. மேலே நடந்து பார்த்தால், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இரண்டு இடத்தில் அடைபட்டுக் கிடந்தது. ஒரு இடத்தில் தென்னந்தோப்பு, இன்னொரு இடத்தில் ரோட்டுக்கு அடியில் போட்ட குழாய், கால்வாய்ப் படுகைக்கு இரண்டடி மேலே. மதகின் அடிமட்டத்துக்கும் கீழே வெட்டிய பள்ளத்துத் தண்ணீர் வயலுக்கும் பாயாது. களி மண்ணைச் சுரண்டிவிட்டதால் ஒரு பக்கம் அது தங்கவும் இல்லை. மண் மட்டும் லாரி லாரியாகச் செங்கல் சூளைக்குப் போனது. அந்த வேலைக்கான அளவுப் புத்தகத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை.

எனவே முதல் ரூபாயை வரத்துக்காலுக்குச் செலவழியுங்கள். ஏரியிலிருந்து மேல்நோக்கி, மேல் ஏரியின் கலிங்கு வரை, அதாவது அதன் மிகுதித் தண்ணீர் வழியும் இடம் வரை, நடங்கள். நம் ஏரிகள் தனியாக இருப்பதில்லை, ஒன்று நிறைந்து வழிந்தால் அடுத்ததற்குப் போகும் சங்கிலி. மழை பெய்யும்போதே நடந்தால் இன்னும் நல்லது, தண்ணீர் தானே வந்து அடைப்பைக் காட்டும். இரண்டாவது ரூபாய் கரைக்கு, மூன்றாவது மதகுக்கும் கலிங்குக்கும். மிச்சம் இருந்தால் வண்டலை மேலாக வழித்து வயலுக்குக் கொடுங்கள். முன்பு கோடையில் மாட்டு வண்டி கட்டி உழவர்களே அதை அள்ளிப் போவார்கள், தூர்வாரலும் ஆச்சு, எருவும் ஆச்சு.

பாண்டி நாட்டுப் பக்கம் போனால் கண்மாய்க்குள் குமிழித்தூம்பைப் பாருங்கள். கரையை விட்டுத் தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல் தூண்கள். நடுவே கல்லால் ஆன மூடி. மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. மூடியைத் தூக்கினால் மேல் துளை வழியாகத் தண்ணீரும், கீழ்த் துளை வழியாக அடியில் படியும் சேறும் சேர்ந்தே வயலுக்குப் போகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்வாரிய ஏற்பாடு அது. இவ்வளவு யோசித்தவர்கள் ஆளையும் வைத்திருந்தார்கள்: வயல்களுக்குத் தண்ணீரைப் பிரித்துவிடும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் பங்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஏரி வாரியம், அதாவது ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழு, வருகிறது. உங்கள் வசூலில் ஒரு பங்கை வருடா வருடம் கரையைப் பார்க்கும் ஓர் ஆளுக்கு ஒதுக்க முடியுமா பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் ஏரி பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. அனுமதி வாங்காமல் ஒரு கூடை மண்ணும் எடுக்காதீர்கள்.

தருமபுரி, ஒரு தாய்: போர் 1,000 அடி போட்டோம். மகளின் பல்லில் பழுப்புக் கோடு வருகிறது. தண்ணீர்தானா?

தண்ணீராக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மாவட்டத்துப் பாறையில் ஃபுளோரைடு உண்டு, ஆழத்துத் தண்ணீர் பாறையோடு நெடுநாள் இருந்து அதைக் கரைத்துக்கொள்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டுவதால் கூடும். குடிக்கவும் சமைக்கவும் இன்றைக்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்கு மாறுங்கள், போர்த் தண்ணீரைப் பாத்திரத்துக்கும் துணிக்கும் வையுங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, குழந்தையைப் பல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

சிங்கப்பூர், கட்டுமானப் பொறியாளர்: இங்கே பெரிய ஆறே இல்லை, குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர். நம் ஊரில் ஏன் முடியவில்லை?

அங்கே 2,400 மி.மீ. மழை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவர்களிடம் ஏரி வெட்ட இடம் இல்லை, மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் 1962 ஒப்பந்தமும் 2061-இல் முடிகிறது. அந்தப் பயம்தான் அவர்களை ஓடவைத்தது. நீங்கள் பார்க்க வேண்டியது குழாயை இல்லை, சாக்கடையை. வீட்டுக் கழிவுநீர் முழுவதும் ஒரு குழாயில், மழைநீர் வேறு வாய்க்காலில், இரண்டும் கலப்பதே இல்லை. அதனால்தான் 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து 'நியூவாட்டர்' என்று கொடுக்க முடிகிறது.

சென்னையும் சும்மா இல்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், ஆனால் அதற்கு 1,000 லிட்டருக்கு மூன்று நாலு யூனிட் மின்சாரம் போகும். என்னைக் கேட்டால் கழிவுநீர்தான் வற்றாத ஏரி, நாம்தான் தினமும் அதைக் கூவத்தில் கொட்டுகிறோம்.

கமுதி விவசாயி: சீமைக்கருவேலத்தை ஒழித்தால் நிலத்தடி நீர் ஏறுமா?

கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் வேரோடு எடுங்கள், அங்கே அது தண்ணீரை மறிக்கிறது. மற்றபடி அந்த மரம் கரிமூட்டம் போட்டு எத்தனை வீட்டில் உலை வைத்தது என்று உங்களுக்கே தெரியும். அதை வெட்டிவிட்டு இடத்தைச் சும்மா போட்டால் இரண்டு வருடத்தில் திரும்பி வரும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, சிவகங்கை: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத் தண்ணீர் பற்றி ஏதாவது செய்ய ஆசை. படம் வரைவது, கோஷம் போடுவது தவிர.

ஒரு கயிறு, நுனியில் கட்ட ஒரு கல், ஒரு நாற்பது பக்க நோட்டு. பள்ளிக்குப் பக்கத்துக் கிணற்றில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பெரியவர் ஒருவர் கல்லை இறக்கட்டும், ஈரம் பட்ட இடத்திலிருந்து கிணற்று விளிம்பு வரை பிள்ளைகள் அளக்கட்டும். விளிம்பில் ஒரே இடத்தில் சுண்ணாம்பால் குறி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அளவு மாறும். தேதி, அடி, முந்தின வாரம் மழை உண்டா இல்லையா. அவ்வளவுதான் எழுத வேண்டும். இரண்டு மழைக்காலம் போன பிறகு அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள்.