பெற்றோல் பம்ப் மாற்றுமுன்: கேள்வி பதில்

காபரேட்டர் எஞ்சினை வலுவேற்றுபவர்கள், எஞ்சினே இயக்கும் மெக்கானிக்கல் பெற்றோல் பம்ப் பற்றி அனுப்பிய கேள்விகளும், கல்லடியில் கராஜ் நடத்தும் மூத்த மெக்கானிக் ஒருவரின் பதில்களும்.

ஏறாவூர்: அண்ணன், கொரோலா கே.ஈ.70 காரில் 5கே எஞ்சின் ஏற்றி இரட்டை வெபர் 40 காபரேட்டர் போட்டிருக்கிறேன். ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால் எஞ்சின் திணறுகிறது. இருப்பதிலேயே பெரிய பம்ப் எது?

பம்பின் அளவைப் பிறகு பார்ப்போம் தம்பி. எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். முழு வலுவில் ஓடும் காபரேட்டர் எஞ்சின் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.3 லீற்றர் எரிக்கும். உங்கள் எஞ்சின் 100 குதிரைவலு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 லீற்றர், அதாவது நிமிடத்துக்கு அரை லீற்றர். காப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டினாலும் 40 லீற்றர்தான். நல்ல நிலையில் உள்ள சாதாரண பம்பே இதைப் பெரும்பாலும் கொடுத்துவிடும்.

கொடுக்கிறதா என்று போத்தல் வைத்துப் பாருங்கள். காபரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, நீளமான ஹோஸ் ஒன்றைப் பூட்டி, எஞ்சினுக்கு எட்டாத தூரத்தில் அளவுக்கோடு போட்ட போத்தலுக்குள் விடுங்கள். காபரேட்டருக்குள் மிஞ்சியிருக்கும் பெற்றோலில் எஞ்சின் அரை நிமிடம் மெதுவாக ஓடும். அதற்குள் கால் லீற்றராவது விழ வேண்டும். தீயணைப்பான் கையில் உள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். வாயில் சிகரெட்டோடு வரும் நண்பனைத் தெருவிலேயே நிறுத்துங்கள்.

குறைவாக விழுந்தாலும் பம்பைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். டேங்கிலிருந்து பம்ப் வரை இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பெற்றோல் வெளியே கசியாது, காற்றுத்தான் உள்ளே போகும். தரை உலர்ந்து கிடப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. பழைய ஹோஸ் உட்பக்கம் சுருங்கி ஒட்டிக்கொள்வதும் உண்டு. டேங்குக்குள் இருக்கும் வலையில் துரு அடைத்திருக்கும். ஹோஸ், வலை, பில்டர் மூன்றையும் சரிசெய்யாமல் பெரிய பம்ப் வாங்குவது வீண் செலவு.

போத்தல் நிரம்பியும் திணறல் நிற்கவில்லையென்றால், காபரேட்டர் வாசலில் அழுத்தக் கேஜ் பூட்டி, போட்டிப் பாதையில் முழு வேகத்தில் பாருங்கள். முள் 2 பி.எஸ்.ஐ. என்ற அழுத்த அளவுக்குக் கீழே விழுந்தால் பம்ப் மாற்றலாம். கேஜைப் பொனட்டுக்கு மேலே, கண்ணாடிக்கு வெளியே கட்டுங்கள். பெற்றோல் குழாயைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது.

களுவாஞ்சிக்குடி: பெட்டியில் 7 பி.எஸ்.ஐ. என்று போட்ட பம்ப் கிடைத்திருக்கிறது. அழுத்தம் கூடினால் நல்லதுதானே?

இல்லை. வெபருக்கு ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. போதும், பழைய எஸ்.யூ. காபரேட்டருக்கு அதைவிடவும் குறைவு. அழுத்தம் மிஞ்சினால் காபரேட்டருக்குள் இருக்கும் மிதவையால், பெற்றோல் வரும் வழியில் உள்ள ஊசி வால்வை மூட முடியாது. பெற்றோல் வழிந்து, கறுப்புப் புகை வந்து, பிளக் நனையும்.

பம்பின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பமே வராது. எஞ்சினோடு சுற்றும் கேம்ஷாஃப்டில் உள்ள மையம் விலகிய வளையம் பம்பின் நெம்பை அசைக்கிறது, நெம்பு டயபிரம் என்ற ரப்பர் சவ்வை இழுக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். பெற்றோலைத் தள்ளுவது டயபிரத்தின் ஸ்பிரிங். ஆகவே எத்தனை பி.எஸ்.ஐ. என்பதை அந்த ஸ்பிரிங் தீர்மானிக்கிறது. காபரேட்டர் நிறைந்ததும் டயபிரம் இழுபட்டபடியே நிற்கும், நெம்பு வெறுமனே ஆடும். அந்த 7 பி.எஸ்.ஐ. பம்பைத்தான் போடுவேன் என்றால் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒன்றும் வாங்குங்கள்.

செங்கலடி: ஐயா, நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குப் பதுளை வீதியால் காரை ஓட்டிப் போனேன். பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஆறியதும் தானாகவே ஸ்டார்ட் ஆனது. பம்ப் போய்விட்டதா?

பம்ப் நன்றாகவே இருக்கலாம் மகன். குழாய்க்குள் பெற்றோல் கொதித்து ஆவியாகியிருக்கும். எஞ்சின் கடுமையாக உழைக்கிறது, கார் மெல்லப் போவதால் காற்று படுவதில்லை. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் பெற்றோல் இன்னும் எளிதாகக் கொதிக்கும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் ஏற்கெனவே குறைவு என்பதால் தொல்லை அங்கேதான் தொடங்கும்.

பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் தடித்த பேக்லைட் துண்டு இருக்கிறதா? கஸ்கட் மாற்றும்போது அதைக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டைத் தடுப்பது அந்தத் துண்டுதான். நெம்பு எவ்வளவு நீண்டு நிற்க வேண்டும் என்பதும் அதன் தடிப்பில் இருக்கிறது. துண்டு இல்லாவிட்டால் நெம்பு அளவுக்கு மீறி அழுத்தப்படும், இரண்டு போட்டால் பம்ப் அரைகுறையாக இழுக்கும். பழைய துண்டின் தடிப்பையே திரும்பப் போடுங்கள். பெற்றோல் குழாயைப் புகைக்குழாய்க்கு அருகில் விடாதீர்கள். சில பம்புகளில் மூன்றாவது வாய் இருக்கும், அது மிஞ்சிய பெற்றோலை டேங்குக்குத் திருப்பும். அதை அடைத்து வைத்திருந்தால் திறந்து குழாய் போடுங்கள். வழியில் நின்றால் பம்பில் ஈரத்துணி போடுவது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கிறது.

கல்முனை: டொரன்டோவில் இருக்கும் தம்பி ஷெவர்லே 350 வி8 எஞ்சின் கட்டுகிறான். எதிர்பார்ப்பது 400 குதிரைவலு. 110 கலன் பம்ப் கூடுதலா?

கூடுதல் இல்லை. பெட்டியில் போடும் கலன் கணக்குத் தடையே இல்லாமல் கொட்டும்போது அளந்தது. 110 அமெரிக்கக் கலன் என்றால் மணிக்கு 416 லீற்றர், எஞ்சினுக்குத் தேவை 120. குழாய், வளைவு, பில்டர், அழுத்தம் எல்லாம் கழிந்த பிறகு கையில் நிற்பதுதான் உண்மையான அளவு. பம்புக்கு வரும் குழாய் எட்டு மில்லிமீற்றர் என்றால் ஒன்பதரைக்கு மாற்றச் சொல்லுங்கள். கார் பாயும்போது பெற்றோல் பின்னுக்குத் தள்ளப்படும், அதை எதிர்த்துத்தான் பம்ப் இழுக்க வேண்டும்.

இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்டுக்கும் நெம்புக்கும் இடையில் ஒரு தள்ளுதண்டு உண்டு. எஃகு ரோலர் கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் வெண்கல முனையுள்ள தண்டு வேண்டும், இல்லாவிட்டால் வளையம் தேய்ந்துவிடும். பூட்டும்போது தண்டு கீழே வழுகும், கெட்டியான கிரீஸ் பூசினால் நிற்கும்.

காத்தான்குடி: கொழும்பு பஞ்சிகாவத்தையில் பெட்டி பிரிக்காத பழைய ஜப்பான் பம்ப் கிடைத்தது. நம்பலாமா?

உடம்பை நம்பலாம், ரப்பரை நம்ப வேண்டாம் காக்கா. பெட்டிக்குள் இருந்தாலும் டயபிரத்துக்கு வயது போகும். விளிம்பில் ஸ்க்ரூ உள்ள பம்ப் என்றால் வாங்குங்கள், திறந்து புது டயபிரமும் வால்வும் போடலாம். மடித்து அழுத்தி மூடியதென்றால் விட்டுவிடுங்கள். பழைய பம்பையும் கையோடு கொண்டுபோய் இரண்டு நெம்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போல்ட் ஓட்டைகள் பொருந்தினாலும் நெம்பின் வளைவு மாறியிருக்கும். வளையத்துக்கு மேலே படுவதும் கீழே படுவதும் ஒன்றல்ல, தவறானதைப் பூட்டினால் உடையும்.

வாழைச்சேனை: ஒயில் கோலில் பெற்றோல் மணக்கிறது. ஒயில் மட்டமும் ஏறியிருக்கிறது.

ஓட்டாதீர்கள். டயபிரம் கிழிந்து பெற்றோல் ஒயிலுக்குள் இறங்குகிறது. பம்பை மாற்றி, ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

திருக்கோவில்: மின்சாரப் பம்ப் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

வேறு தொல்லை வரும். விபத்தில் எஞ்சின் நின்றால் மெக்கானிக்கல் பம்பும் நின்றுவிடும், மின்சாரப் பம்ப் பெற்றோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒயில் அழுத்தம் போனதும் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச் இல்லாமல் அதைப் பூட்டித் தர மாட்டேன். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால் பேச்சே இல்லை, அதற்குப் பெரும்பாலும் 40 பி.எஸ்.ஐ. அளவில் வேண்டும், மின்சாரப் பம்ப்தான்.

ஆரையம்பதி: மொரிஸ் மைனரில் மெக்கானிக்கல் பம்ப் எந்தப் பக்கம் இருக்கிறது? தேடிக் களைத்துவிட்டேன்.

எந்தப் பக்கமும் இல்லை. அதற்கு எஸ்.யூ. மின்சாரப் பம்ப். சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்று கேட்கும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

அம்பாறை நகர்: புதுப் பம்பைப் பூட்டினால் ஒரு பக்கம் இடைவெளி நிற்கிறது. போல்டை இறுக்கி இழுக்கலாமா?

வேண்டாம், போல்ட் போகும் பம்பின் காது உடைந்துவிடும். நெம்பு வளையத்தின் மேட்டில் நிற்கிறது. ஸ்பானரால் எஞ்சினை மெல்லச் சுற்றுங்கள், பள்ளம் வந்ததும் பம்ப் தானாகவே அமரும். பிறகு இரண்டு போல்டுகளையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.